கறுப்பு சிங்கா, எவர்சில்வர் சிங்கா? பட்டர்வொர்த் வீட்டுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தின் பாகான் ஆஜாம் பக்கம், அம்மாவின் இரண்டு மாடி டெரஸ் வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள். பின்பக்கத்தை நீட்டிக் கட்டி அங்கே வெட் கிச்சன், அதாவது மீன் கழுவிப் பொரித்துச் சமைக்கும் இடம், வருகிறது. உள்ளே இலேசான வேலைகளுக்குச் சின்னதாக ஒரு டிரை கிச்சன். மாடியில் இரண்டு குளியலறை, கீழே அம்மாவுக்கென்று ஒன்று. கறுப்பு கிரானைட் சிங்க் வேண்டும் என்கிறாள் மகள், எவர்சில்வர் போதும் என்கிறார் அம்மா. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்டீல் சிங்குகளில் ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு விலை சொல்கிறதே, ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் இது. வெட் கிச்சனுக்கு அம்மா சொல்வதுதான் சரி. 304 தர ஸ்டீல், 1.2 மில்லிமீட்டர் தகடு, ஒரே பெரிய தொட்டி. மகள் ஆசைப்படும் கறுப்பு சிங்கை டிரை கிச்சனில் வையுங்கள், அங்கே அது நன்றாக உழைக்கும். குளியலறை மூன்றுக்கும் வெள்ளைப் பீங்கான் பேசின். விலைக் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம், கீழே வருகிறது.

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சமையலறை வேலை செய்கிறேன். புதிய சிங்க் மாட்டுவதற்கு முன் பழையதைக் கழற்றுவதும் என் வேலைதான். கழற்றும்போது அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எதை ஊற்றிக் கழுவினார்கள் என்பது தெரிந்துவிடும். அதனால் யாராவது சிங்க் எது வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் வீட்டில் தினமும் அதில் என்ன விழும், அதை எதைக் கொண்டு கழுவுவீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். உங்கள் அம்மா வாரத்தில் மூன்று நாள் மீன் கழுவுகிறார், கருவாடு ஊறவைக்கிறார், பெரிய குவாலியில், அதாவது வாணலியில், பொரிக்கிறார், சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே பாதி முடிவு இருக்கிறது.

சரி, ஸ்டீலுக்கு வருவோம். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்துவிட்டதால் அது எந்த நாளும் துருப்பிடிக்காது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய காலத்திலிருந்து இந்த உலோகத்தின் அடிப்படை ஒன்றுதான். இரும்போடு சேர்க்கும் குரோமியம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகிறது. அந்தப் படலம்தான் காவல். கீறல் விழுந்தாலும் அது தானாகவே மறுபடி படிந்துகொள்ளும். ஆனால் உப்பும் ப்ளீச்சும் நீண்ட நேரம் தங்கினால் அந்தப் படலத்தில் ஊசி குத்தியது போலத் துளை விழும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

304 என்றால் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 201 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து, ஈடாக மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். நிக்கல் விலை உயர்ந்த உலோகம் என்பதால் 201 மலிவு. புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே பளபளப்பு, விரலால் தடவினாலும் வித்தியாசம் தெரியாது. வெட் கிச்சனில் இரண்டு மூன்று வருடம் போனபிறகுதான் 201-இன் மூலைகளிலும் வடிகால் வாயைச் சுற்றியும் பழுப்புப் புள்ளிகள் தலைகாட்டும்.

காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 430 என்ற, நிக்கலே சேராத தரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் காந்தம் உதவும். அதில் காந்தம் பலமாக ஒட்டிக்கொள்ளும். 201-லும் 304-லும் அப்படி ஒட்டாது, ஆகவே உங்களுக்குத் தேவையான இடத்தில் காந்தம் கைகொடுக்காது. இன்னொன்று, அச்சில் அழுத்தி இழுத்துச் செய்த நல்ல 304 சிங்கின் மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். தகடு வளைந்து நீண்ட இடங்களில் அப்படி ஆவது இயல்பு, அதைப் பார்த்து நல்ல சரக்கை ஒதுக்கிவிடாதீர்கள். மாங்கனீசு அதிகம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம் இருக்கிறது. ஸ்டீல் வேலை செய்யும் பட்டறைகளில் வைத்திருப்பார்கள், நேர்மையான கடைக்காரர் உங்கள் கண் முன்னாலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார். அதெல்லாம் முடியாவிட்டால் பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்தது கனம். விலை மூன்று மடங்காவது பெரும்பாலும் தரமும் கனமும் சேர்ந்துதான். கேஜ் கணக்கில் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் ஏறக்குறைய 1.5, 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. இப்போது கடைகளில் "3 மில்லிமீட்டர்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிய சிங்குகள் நிறைய வருகின்றன. அந்த 3 மில்லிமீட்டர் பெரும்பாலும் மேல் விளிம்புக்கு மட்டும். கடையில் கை வைத்துப் பார்ப்பது விளிம்பைத்தான் என்பதால் கனமாகத் தெரியும். கீழே தொட்டி 0.8 ஆக இருக்கலாம்.

இதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஸ்டீல் தகடு, 1 மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 8 கிலோ எடை இருக்கும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 22 செ.மீ. ஆழமுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தகடும் நான்கு சுவரும் சேர்ந்து சுமார் 0.73 சதுர மீட்டர். 1.2 மில்லிமீட்டராக இருந்தால் தொட்டி மட்டும் ஏறக்குறைய 7 கிலோ, 0.8 ஆக இருந்தால் ஐந்து கிலோவுக்குக் கீழே. விளிம்பின் எடை அதற்கு மேல் சேரும். ஆகவே 1.2 என்று சொல்லும் இந்த அளவு சிங்க் மொத்தமாகவே ஐந்து கிலோதான் நிறுக்கிறது என்றால் சொன்ன கனம் அதில் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து, கூடை, குழாய் எல்லாம் கழற்றி வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பத்து பதினைந்து வருடம் பயன்படுத்தப்போகும் பொருள்.

சிங்கைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். தடித்த ரப்பர் பட்டைகள் ஒட்டியிருக்க வேண்டும், அதைச் சுற்றிச் சாம்பல் பூச்சு இருக்க வேண்டும். தண்ணீர் விழும் சத்தம் குறையத்தான் ரப்பர் என்று எல்லோருக்கும் தெரியும். பூச்சுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைச் சிங்கில் போட்டுக் கரையவிட்டால், சில்லென்ற தகட்டின் அடியில் வியர்வை அரும்பிச் சொட்டும். கேபினட்டின் அடிப்பலகை ஊதிப்போனது குழாய் ஒழுகியதால்தான் என்று பல வீடுகளில் பிளம்பரைக் கூப்பிட்டுத் தேடுவார்கள். பூச்சில்லாத சிங்க் வியர்த்துதான் அப்படி ஆகியிருக்கும்.

கடல் உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது முக்கியமான செய்தி. உப்புக் காற்று படும் இடத்தில் ஸ்டீல் மீது தேநீர்க் கறை போலப் பழுப்புப் படியும். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்த அடுக்குமாடிகளின் பால்கனிக் கம்பிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். 316 என்ற தரத்தில் 2 விழுக்காடு அளவுக்கு மாலிப்டினம் சேர்ப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் அந்தத் தரத்தில் சிங்க் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். உங்களுக்கு அது தேவையில்லை. உள்ளே இருக்கும் சிங்கை நீங்கள் தினமும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதால் உப்பு தங்க நேரம் இல்லை. கழுவப்படாத இடத்தில்தான் கறை பிடிக்கும். பின்சுவரோடு சேர்ந்த விளிம்பு, குழாயின் பின்பக்கம், அடியில் உள்ள கிளிப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். வெட் கிச்சனுக்கு வெளியே, துணி துவைக்கும் இடத்தில் திறந்த வெளியில் இன்னொரு தொட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு மட்டும் சிமெண்டுத் தொட்டியோ பீங்கானோ போட்டுவிடுங்கள்.

இனி நான் அதிகம் வருத்தப்படும் விஷயம். மீன் வாடை போக வேண்டும் என்று இரவில் சிங்கில் ப்ளீச் ஊற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். சுத்தத்தின் மேல் உள்ள அக்கறையால்தான் செய்கிறார்கள், அதுவே சிங்கைக் கொல்கிறது. ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் ஸ்டீலில் சில மணி நேரம் தங்கினால் போதும், புள்ளி விழுந்துவிடும். விழுந்த புள்ளியைத் தேய்த்துப் பழையபடி ஆக்க முடியாது. வாடைக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும், மேலே கொஞ்சம் எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிடலாம். கருவாடு ஊறவைப்பதைச் சிங்கில் நேரடியாக வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊறவைக்கட்டும். கழிவறை கழுவும் அமிலப் பாட்டிலைச் சிங்கின் அடியில் வைக்காதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டால் அந்த ஆவி மட்டுமே ஸ்டீலின் அடிப்பக்கத்தைத் துருவாக்கப் போதும். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், சிங்கே துருப்பிடித்தது போலத் தெரியும். அப்படிப்பட்ட மேல்துருவாக இருந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தூள் போட்டு, ஸ்டீலின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்தால் போய்விடும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், பொருளைப் போலவே அதுவும் முக்கியம். இரட்டைத் தொட்டி கடையில் அழகாக இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பெரிய குவாலி அதில் படுக்காது, பாதி வெளியே நிற்கும், தண்ணீர் எல்லாம் தரையில் தெறிக்கும். கடைக்குப் போகும் முன் வீட்டில் உள்ள பெரிய பாத்திரத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், காதுகளையும் சேர்த்து. தொட்டி அதைவிட ஒரு கை அகலம் கூடுதலாக இருக்கட்டும். ஆழம் மட்டும் அம்மாவின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. டேபிள் டாப் 85 செ.மீ. உயரம் என்றால், 23 செ.மீ. ஆழமான தொட்டியின் அடி 62 செ.மீ. உயரத்தில் இருக்கும். உயரம் குறைந்த அம்மாவுக்கு அது தொடும் தூரம்தான், உங்களுக்கும் மகளுக்கும் இடுப்பு வலிக்கும். 20 செ.மீ. ஆழம் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவரும். ஒரே பெரிய தொட்டியில் இன்னொரு வசதியும் கண்டோம். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கில் நான்கு நாள் தண்ணீர் நிறுத்தினார்களே, அப்போது நன்றாக மூடும் அடைப்பான் இருந்த வீடுகளில் சிங்கிலேயே தண்ணீர் பிடித்து வைத்தார்கள். தடை முடிந்து குழாய் திறந்ததும் வரும் கலங்கல் தண்ணீரை அப்படியே நிற்கவிடாதீர்கள், பீங்கானிலும் வெளிர்நிற சிங்கிலும் மஞ்சள் கோடு விழும்.

இப்போது மகளின் கறுப்பு சிங்க். கிரானைட் சிங்க் என்று சொன்னாலும் அது மலையில் வெட்டிக் குடைந்த கல் அல்ல. குவார்ட்ஸ் அல்லது கிரானைட் துகள் ஏறக்குறைய 80 விழுக்காடு, மீதி அக்ரிலிக் பிசின், இரண்டையும் கலந்து அச்சில் வார்ப்பது. 1979-இல் ஜெர்மனியின் ஷோக் நிறுவனம் தொடங்கி வைத்த முறை. நல்ல தயாரிப்பு சுமார் 280 டிகிரி வரை தாங்கும் என்று சொல்கிறார்கள், கீறல் எளிதில் விழாது, தண்ணீர் விழும் சத்தமும் குறைவு. நானும் என் வீட்டு டிரை கிச்சனில் இதைத்தான் வைத்திருக்கிறேன், கைக்கு இதமாக இருக்கும்.

வெட் கிச்சனுக்கு நான் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. எண்ணெய் வற்றிப் புகையும் குவாலி அந்த 280 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். அதை அப்படியே தூக்கிச் சிங்கில் வைத்துத் தண்ணீர் திறப்பது நம் வீடுகளில் தினமும் நடப்பது. ஒருநாள் தாங்கும், ஒருநாள் விரிசல் விடும். கல் உரலோ இடிகல்லோ கை தவறி விழுந்தால் ஸ்டீலில் சொட்டை விழும், அதோடு சிங்க் தொடர்ந்து உழைக்கும். வார்த்த கல் உடைந்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கறுப்பில் சோப்புப் படலமும் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடமும் பளிச்சென்று தெரியும். நம் குழாயில் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர் மாதிரி சுண்ணாம்பு படியாது என்பதால் அந்தத் தொல்லை இங்கே கொஞ்சம் குறைவு. ஆனாலும் கழுவி முடித்து ஒரு துணியால் துடைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் கறுப்பு நிறம் ஒரு வருடத்திலேயே சாம்பலாகத் தோன்றும்.

கறுப்பு பிடிக்கவில்லை, வெள்ளையிலோ கிரீம் நிறத்திலோ இதே சிங்க் வாங்கலாமே என்று தோன்றினால், மஞ்சளை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளின் நிறம் குர்க்குமின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும், அதனால் எண்ணெய்க் குழம்போடு சேர்ந்து பிசினுக்குள் இறங்கும். சோப்பு பட்டதும் சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததும் சிவக்கிறதே, அதே மாற்றம்தான், காரம் பட்டால் குர்க்குமின் சிவக்கும். அதைப் பார்த்துப் பயந்து அமிலத்தைக் கொட்டி விடாதீர்கள். குர்க்குமினுக்கு வெயில் ஆகாது. ஜன்னலோரச் சிங்கில் வெயில் பட்டுக் கறை வெளிறிப் போவதை நீங்களே பார்க்கலாம். வெயில் வராத இடத்தில் வெளிர்நிறக் கலவைச் சிங்க் வைத்துத் தினமும் மீன் குழம்புச் சட்டி கழுவுவது பொறுமையைச் சோதிக்கும்.

நானோ சிங்க் என்று கறுப்பாக விற்கிறார்களே, அது வேறு. உள்ளே ஸ்டீல், மேலே மிக மெல்லிய கறுப்புப் பூச்சு. பூச்சு நன்றாக இருந்தால் நாள் தாங்கும், ஆனாலும் ஒருமுறை ஆழமாகக் கீறிவிட்டால் வெள்ளிக் கோடு எட்டிப் பார்க்கும், அதைத் திரும்பக் கறுப்பாக்க முடியாது. பெரிய பாத்திரங்கள் புரளும் வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மற்ற பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டையாக, கனமாக, முன்பக்கம் தெரியும்படி வைக்கும் ஃபயர்க்ளே சிங்க் உறுதியானது, கறையும் பிடிக்காது. ஆனால் அதன் மேல் விழுந்த கண்ணாடித் தம்ளர் தப்பாது, எடையைத் தாங்கக் கேபினட்டையும் தனியாக வலுப்படுத்த வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பும் அதே மாதிரி, எனாமல் தெறித்த இடத்தில் துரு. சாலிட் சர்ஃபேஸ் என்பது டூபாண்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கி, கோரியன் என்ற பெயரில் கொண்டுவந்த வகை. டேபிள் டாப்போடு இணைப்பே தெரியாமல் ஒட்டலாம், கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் கொதிக்கும் பாத்திரத்துக்கு ஆகாது. செம்பு சிங்க் அழகு, கிருமிகள் அதில் நெடுநேரம் வாழாது. ஆனால் புளித்தண்ணீர் பட்ட இடமெல்லாம் பளிச்சென்று மின்னும், மற்ற இடம் கறுத்திருக்கும். பித்தளை விளக்கைப் புளி போட்டு விளக்கும் நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல. பளிங்கு சமையலறைக்கு வேண்டவே வேண்டாம், அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சையும் புளியும் அதன் மேல்தோலை அரித்து மங்கலாக்கிவிடும்.

குளியலறைக்குப் போவோம். அங்கே கொதிக்கும் கஞ்சியும் விழாது, குவாலியும் மோதாது. பற்பசை, சோப்பு, தலைக்கு அடிக்கும் சாயம், மருதாணி, குங்குமம், நகப்பூச்சு அழிக்கும் திரவம் இவைதான் விழும். இத்தனையையும் கவலையில்லாமல் தாங்குவது கண்ணாடிபோல இறுகச் சுட்ட வெள்ளைப் பீங்கான். ஏறத்தாழ 1200 டிகிரியில் சுட்டெடுத்தது, உடல் தண்ணீரை உறிஞ்சுவது அரை விழுக்காட்டுக்கும் கீழே. அசிட்டோன் அக்ரிலிக்கை இளக்கும், பீங்கானை ஒன்றும் செய்யாது. வாங்கும்போது விளக்கு வெளிச்சம் மேற்பரப்பில் எப்படி விழுகிறது என்று சாய்த்துப் பாருங்கள். அலை அலையாகவோ ஊசித்துளைகளோடோ இருந்தால் வேண்டாம். விரலை மடக்கித் தட்டுங்கள், மணிபோல ஒலிக்க வேண்டும். மண்பானை தட்டிப் பார்த்து வாங்கிய அம்மாவை அழைத்துப் போங்கள், ஓசை பிசகினால் உடனே சொல்லிவிடுவார். கண்ணாடிக் கிண்ணம் போன்ற பேசினும் பளிங்கு பேசினும் விருந்தினர் எப்போதாவது கை கழுவும் இடத்துக்குச் சரி.

அம்மாவின் கீழ்தள குளியலறைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் மட்டும் தொங்கும் பேசினை அங்கே மாட்டாதீர்கள். வயதானவர்கள் வழுக்கினாலோ குனிந்து நிமிர்ந்தாலோ கை போய்ப் பிடிப்பது பேசினைத்தான். அது ஆளின் எடையைத் தாங்குவதற்காக மாட்டியது அல்ல. போல்ட் பிடுங்கிக்கொண்டு விழுந்தால் பீங்கான் கத்திபோல உடையும். நான் வேலை செய்த ஒரு வீட்டில் அப்படி ஒரு பாட்டிக்குக் கையில் ஆழமான வெட்டு விழுந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. கீழே கால் உள்ள பேசினோ, கான்கிரீட் மேடையில் பதித்த பேசினோ வையுங்கள். பக்கத்திலேயே சுவரில் எடை தாங்கும் கைப்பிடி ஒன்றும் தனியாகப் போட்டுவிடுங்கள். செங்கல் உள்ளீடற்றதா என்று துளையிடும் முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேசினில் மேலே சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், தண்ணீர் நிரம்பினால் வழிந்து போக. அந்த ஓட்டை இல்லாத வகை வாங்கினால், மூடாமல் எப்போதும் திறந்திருக்கும் வடிகால் மூடியையே கேளுங்கள். குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனவர்கள் வீட்டில் மாடியிலிருந்து கூரை வழியாகத் தண்ணீர் இறங்கியதைச் சரிசெய்திருக்கிறேன்.

எந்தப் பொருளை வாங்கினாலும் மாட்டும் விதம் அதன் ஆயுளைப் பாதியாக்கும், இரட்டிப்பும் ஆக்கும். வெட் கிச்சனில் ஓடு பதித்த கான்கிரீட் மேடை என்றால் மேலிருந்து இறக்கும் சிங்க்தான் நல்லது, பின்னாளில் மாற்றவும் சுலபம். கல் மேடைக்கு அடியிலிருந்து ஒட்டும் முறை அழகு, துடைத்தால் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும். ஆனால் தண்ணீர் நிறைந்த தொட்டியும் குவாலியும் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல் தொங்கும், பசை மட்டும் போதாது, கீழே தாங்கும் கம்பியோ கிளிப்போ வேண்டும். சுற்றிப் பூசும் சிலிக்கான் பூஞ்சைத் தடுப்பு சேர்த்த வகையாக இருக்கட்டும். பளிங்கு போன்ற கல்லுக்குப் புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் ஆகாது, வாடையில்லாத வகையைக் கேளுங்கள்.

கஞ்சி வடிக்கும் விஷயம். ஸ்டீல் கொதிகஞ்சியைத் தாங்கும், அடியில் உள்ள பிளாஸ்டிக் குழாய் தாங்காது. நம் வீடுகளில் போடும் பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், மூட்டுகள் நெகிழ்ந்து ஒழுகும். கஞ்சியை ஊற்றும்போது பச்சைத்தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் திறந்துவிடச் சொல்லுங்கள். அந்த ஒரு பழக்கம் போதும்.

கடைசியாக வேலை வரிசை. சிங்கை வாங்கி வைத்துவிட்டாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு ஒன்றில் நல்ல 304 சிங்க் மாட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் அந்த வீட்டம்மா அழாத குறையாகக் கூப்பிட்டார், சிங்க் முழுக்கப் பழுப்புப் புள்ளி. போய்ப் பார்த்தால், நான் போன பிறகு ஓடு பதித்தவர்கள் இடுக்குச் சிமெண்டைக் கழுவ ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்தியிருக்கிறார்கள், அது சிங்கில் தெறித்துக் காய்ந்திருக்கிறது. பக்கத்திலேயே இரும்பு அறுத்த தூள் வேறு. தேய்த்தும் முழுதாகப் போகவில்லை, மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் ஓடு, கிரில், மின்சார வேலை எல்லாம் முடிந்து, தரையை அமிலம் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசிய பிறகுதான் சிங்கை இறக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே மாட்டித்தான் ஆக வேண்டும் என்று குத்தகையாளர் சொன்னால், மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவிடாமல், அட்டை போட்டு மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள்.